அம்பத்தூரில் நாங்கள் பூட்டிய ரோபோ

இருபத்து மூன்று வயதில் எனக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை கிடைத்தது. தொண்ணூறுகள் தொடங்கியிருந்த நேரம். பக்கெட், சோப்பு டப்பா, சுவிட்ச் பெட்டி என்று பிளாஸ்டிக்கில் எதையெல்லாம் வார்க்க முடியுமோ அதையெல்லாம் வார்க்கிற கம்பெனி அது. நான் தரம் பார்ப்பவள். மணிக்கு ஒரு தடவை மெஷினிலிருந்து ஐந்து பொருளை எடுத்து, வெர்னியர் அளவுகோலால் அளந்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ‘சரி’ என்றோ ‘அரவைக்கு’ என்றோ எழுத வேண்டும். அரவை என்றால் கெட்டுப்போனதைத் தூளாக்கித் திரும்ப உருக்குவது. பக்கெட்டுக்கு மட்டும் தனியாக ஒரு சோதனை உண்டு. வாய்வரை தண்ணீர் நிரப்பி, இரும்புப் படிக்கட்டின் உச்சியிலிருந்து கீழே விடுவோம். பக்கெட் பிழைத்தால் அன்றைய சரக்கும் பிழைத்தது. முக்கால்வாசி நாள் என் புடவைக் கொசுவம் நனைந்தேதான் இருக்கும்.

ஆவடியிலிருந்து காலை ரயில். பட்டரவாக்கத்தில் இறங்கி, தண்டவாள ஓரமாகவே நடந்து எஸ்டேட்டுக்குள் நுழைந்தால் முதல் ஷிப்ட்டின் சங்கு ஊதும். வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இரண்டு வருஷம் பக்கெட்டையே பார்த்தபின், பக்கெட் என் கனவிலும் வர ஆரம்பித்திருந்தது.

முதலாளிக்கு அப்போது ஐம்பது இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. வருஷத்துக்கு ஒரு புதுப் பொருளைப் பிடித்துக்கொள்வார். ஒரு வருஷம் சீப்பு. அடுத்த வருஷம் ஊறுகாய் டப்பா. அந்த வருஷம் அவருடைய மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கையில் ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். அடுத்த நாள் காலை அது என் மேஜைக்கு வந்துவிட்டது.

பெட்டியின் மேல் படம். ஒரு ரோபோ தீப்பிழம்புக்கு நடுவில் வாளை ஓங்கிக்கொண்டு நின்றது. தலையில் இரண்டு கொம்பு. சுற்றிலும் ஜப்பானிய எழுத்து.

“இத பிரிச்சு பூட்டு,” என்றார் முதலாளி. “ஒவ்வொரு பார்ட்டையும் அள. நம்ம மெஷின்ல இது வருமா வராதான்னு எனக்கு எழுதிக் கொடு. ஒரு வாரம் எடுத்துக்க.”

“சார், இது பொம்மை சார்.”

“ஆமா. நாளைக்கு நாம பண்ணப்போற பொம்மை.” போகும்போது திரும்பி நின்று சொன்னார். “ஒரே ஒரு பெட்டிதான் இருக்கு. உடைச்சா வேற கிடைக்காது.”

திறந்து பார்த்தேன். உள்ளே ரோபோ இல்லை. நான்கு சட்டங்கள்தான் இருந்தன. ஒவ்வொரு சட்டத்திலும் கை, கால், மார்பு, விரல் என்று சின்னச் சின்னத் துண்டுகள், முருங்கைக் காம்பில் இலை ஒட்டியிருப்பதுபோல் ஒட்டியிருந்தன. அந்தக் காம்புக்கு எங்கள் தொழிலில் ரன்னர் என்று பெயர். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் ஓடுகிற வழி அது. எங்கள் கம்பெனியில் ரன்னரை வெட்டி எறிவதற்கென்றே ஆறு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். வெட்டிய ரன்னர் அரவைக்குப் போகும். இங்கே அதை வெட்டாமலே பெட்டியில் போட்டிருந்தார்கள்.

பேக்கிங் பகுதிக்கு மூத்தவரான ஒரு அக்கா வந்து எட்டிப் பார்த்தார். மண்ணூர்பேட்டையிலிருந்து நடந்து வருவதால் எல்லோரும் அவரை மண்ணூர்பேட்டை அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

“இன்னாம்மா இது, ரன்னரோட அனுப்பிட்டான்?”

“வாங்குறவங்களே வெட்டிக்கணுமாம் அக்கா. அதான் விளையாட்டு.”

அக்கா ஒரு சட்டத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். “நாங்க நாள் பூரா செய்யற வேலைய அவன் விளையாட்டுனு விக்கிறான்,” என்றார். பிறகு சிரித்தார். அவர் சிரித்ததும் மற்ற ஐந்து பேரும் வந்து மேஜையைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

தனியாக என்னால் முடியாது என்று தெரிந்தது. டூல் ரூமில், அதாவது அச்சுகளைச் செய்து பழுது பார்க்கிற இடத்தில், பூந்தமல்லியிலிருந்து வரும் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் பாய். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எஃகில் மயிரிழையைக் குறைக்கச் சொன்னால் அரை மயிரிழை பாக்கி வைக்காமல் குறைக்கிற கை. ஆனால் எதையும் உடனே ஒப்புக்கொள்ள மாட்டார்.

“இத்த போய் என்னாண்ட எட்டாந்துகீறியே தங்கச்சி,” என்றார். “அச்சு வேல தலைக்கு மேல கீது.”

“பாய், இந்தச் சட்டத்தைப் பாருங்க.”

கையில் கொடுத்தேன். அந்தச் சட்டத்தில் வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று நான்கு நிறத் துண்டுகள் இருந்தன. நான்கும் ஒரே சட்டத்தில். பாய் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“பெயின்ட்டு,” என்றார்.

“இல்ல பாய்.”

“பெயின்ட்டுதான் தங்கச்சி. ஒரு தபா உட்டா நாலு கலரு எப்டி வரும்?”

நான் பிளேடால் ரன்னரில் ஒரு ஓரத்தை நறுக்கினேன். உள்ளேயும் நீலம். இன்னும் ஆழமாக நறுக்கினேன். நீலம்தான். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் இடத்தில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று உருகிக் கலந்து மெல்லிய கோடாக நின்றன. அங்கேதான் இரண்டு ஓட்டங்களும் மோதியிருக்கின்றன. பாய் அந்தத் துண்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் நான் வருவதற்கு முன்பே டூல் ரூம் தரையில் சாக்குக்கட்டியால் பெரிய படம் ஒன்று வரைந்திருந்தார். நான்கு மூலையிலிருந்தும் நான்கு குழாய்.

“நாலு நாஸிலு,” என்றார். “நாலு பக்கத்துலர்ந்து ஒரே நேரத்துல உடறான். நடுவுல வந்து முட்டிக்கினு நின்னுடுது. ஒருத்தன் கொஞ்சம் முந்திக்கினாலும் சேப்பு காலு வெள்ள காலாய்டும்.” படத்தைச் சுற்றி நடந்தார். “எவனோ ஒருத்தன் குந்திக்கினு இத்த யோசிச்சிகீறான் தங்கச்சி.”

அதற்குப் பிறகு அவரைக் கூப்பிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க என் மேஜையில்தான் இருந்தார்.

முதலில் என்ன பிளாஸ்டிக் என்று பார்த்தேன். அதற்கு எங்களிடம் ஒரு எளிய வழி இருந்தது. ரன்னரில் சின்னத் துண்டை வெட்டிக் குறட்டில் பிடித்துக் கொளுத்தி, புகையைப் பார்த்து மோந்து பார்ப்பது. வெள்ளைத் துண்டு கரும்புகை விட்டு, நூல் நூலாகக் கரி பறக்க எரிந்தது. அது ஸ்டைரீன். நான்காவது சட்டத்தில் சாம்பல் நிறத்தில், நகம் வைத்தால் அமுங்குகிற சின்னச் சின்ன வளையங்கள் இருந்தன. முட்டி, தோள், இடுப்பு என்று மடங்குகிற இடங்களுக்குள் ஒளிந்து உட்காரும் துண்டுகள். அதைக் கொளுத்தினால் புகையே இல்லை. அணைத்த மெழுகுவர்த்தியின் வாசம் வந்தது.

முதலாளி அப்போது பின்னால் நின்றிருந்தார். அவரும் மோந்து பார்த்தார்.

“பாலித்தீன் சார். நம்ம டப்பா மூடி மெட்டீரியல்.”

“அப்ப நம்ம ஆள் உள்ள இருக்கான்,” என்றார். அன்று முழுவதும் பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பூட்டத் தொடங்கினோம். துண்டைச் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்தால் வெட்டிய இடத்தில் ஒரு மேடு நிற்கும். எங்கள் கட்டிங் பிளேயரில் வெட்டினால் அசிங்கமாக வந்தது. பாய் ஒரு பழைய பிளேயரின் வாயை ஒரு பக்கம் தட்டையாகத் தீட்டிக்கொண்டு வந்தார். அது தோலை ஒட்டி வெட்டியது. மேடு எங்கே விழுகிறது என்று பார்த்தபோதுதான் எனக்கு இன்னொன்று தெரிந்தது. முக்கால்வாசி மேடுகள் பூட்டியபின் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் இருந்தன. எங்கள் சோப்பு டப்பாவில் அந்த மேடு மூடியின் நட்டநடுவில் இருக்கும். அதை நான் இரண்டு வருஷமாக ‘சரி’ என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

பசை கிடையாது, திருகாணி கிடையாது. ஒன்றில் முளை, இன்னொன்றில் குழி. வைத்து அழுத்தினால் ‘டக்’ என்று உட்கார்ந்துவிடும். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது. நெட்டி முறித்ததுபோல் ஒரு சுகம். முதல் முட்டியை மடக்கிப் பார்த்தபோது அது விட்ட இடத்திலேயே நின்றது. தளரவும் இல்லை, இறுகவும் இல்லை. எல்லா மூட்டிலும் ஒரே இறுக்கம். நான் முளைகளை அளந்தேன், குழிகளை அளந்தேன். முளை குழியைவிட ஒரு மயிரிழை தடிப்பு. எங்கே அளந்தாலும் அதே ஒரு மயிரிழை. நம்பாமல் வெர்னியரைத் துடைத்துத் திரும்ப அளந்தேன்.

பூட்டும் முறை ஒரு மடித்த தாளில் இருந்தது. எழுத்தெல்லாம் ஜப்பானியம். எண்ணும் அம்புக்குறியும் படமும் மட்டும் எங்களுக்குப் புரிந்தன. படம் இருக்கிறதே என்று தைரியமாகப் போனோம். மூன்றாம் நாள் சாயங்காலம் உடம்பு முடிந்து, இரண்டு கையும் முடிந்து, தோளில் மாட்டி நிறுத்தினோம். எங்கோ இடித்தது. கையைத் தூக்கினால் முன்பக்கம் போக வேண்டியது பின்பக்கம் போனது.

“டிசைனே அப்டித்தானோ,” என்றார் பாய்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். ரயிலில் பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டேன். பக்கத்தில் பூக்கூடையோடு வந்த அம்மா ஒருவர், “ஜாதகமா கண்ணு?” என்று கேட்டார். பொம்மை பூட்டுகிற தாள் என்றேன். அவரும் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்.

கைப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து இருந்தது. இன்னொரு கைக்குப் பக்கத்திலும் அதே எழுத்து என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அம்பத்தூர் தாண்டும்போது உற்றுப் பார்த்தேன். இரண்டும் ஒன்றில்லை. மேல் பாதி ஒரே மாதிரி, சாய்ந்த கோடும் குறுக்குக் கோடும். கீழே ஒன்றில் சின்னப் பெட்டி. இன்னொன்றில் கட்டடத்துக்குப் போடுகிற இரும்பு உத்தரத்தின் வெட்டு முகம்போல் ஒரு வடிவம். கால் படத்துக்குப் போனேன். அங்கேயும் ஒன்றில் பெட்டி, ஒன்றில் உத்தரம். காதருகே இருந்த துண்டிலும் அப்படியே. வாள் பிடித்த கைக்குப் பக்கத்தில் இருந்தது பெட்டி.

வலது, இடது.

“பெட்டி வந்தா வலது,” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

“நல்லதும்மா,” என்றார் பூக்கூடை அம்மா. அண்ணனூரில் இறங்கும்போது ஒரு முழம் பூவை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் ஜப்பானிய மொழியில் எனக்குத் தெரிந்த எழுத்து அந்த இரண்டுதான்.

மறுநாள் காலை ஓடிப்போய் பாயிடம் சொன்னேன். நாங்கள் வலது தோளை இடப்பக்கமும் இடது தோளை வலப்பக்கமும் மாட்டியிருந்தோம். இரண்டையும் கழற்றி மாற்ற வேண்டும். மாட்டுவதற்குத்தான் அந்த முளைகள். கழற்றுவதற்கு இல்லை. ஒரு பக்கம் பிளேடு நுனியைக் கொடுத்து நெம்பி மெதுவாகக் கழற்றினேன், வந்துவிட்டது. இன்னொரு பக்கம் அசையவில்லை.

“குடு, நான் பாக்றேன்,” என்றார் பாய்.

எஃகைப் பிடித்துப் பழகிய விரல்கள். ஒரு இழு இழுத்தார். ‘டக்’ என்று ஒரு சத்தம். ஆனால் இது வேறு சத்தம். தோள் அவர் கையில் இருந்தது. முளை குழிக்குள்ளேயே நின்றுவிட்டது.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ரன்னர் வெட்டிக்கொண்டிருந்த பேக்கிங் பெண்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். பாய் அந்தத் தோளை மேஜைமேல் வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நான் கழட்டும்போது உடைஞ்சுதுன்னு எழுதிடறேன் பாய்,” என்றேன்.

“வாணாம் தங்கச்சி. என் கையில ஒட்ஞ்சிது. நானே போய் சொல்றேன்.”

உடனே போனார். நானும் பின்னால் போனேன். முதலாளி யாரிடமோ போனில் பேசி முடித்துவிட்டு நிமிர்ந்தார். பாய் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். முதலாளி தோளையும் முளை சிக்கியிருந்த உடம்பையும் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“எந்த எடத்துல உடைஞ்சுது?”

“அடியில சார். முளையும் சுவரும் சேர்ற எடத்துல.”

“அங்க வளைவு குடுக்கலியா அவன்?”

நான் வெர்னியரோடு குனிந்து பார்த்தேன். முளை சுவரிலிருந்து சட்டென்று செங்குத்தாக எழும்பியிருந்தது. மற்ற முளைகளின் அடியில் முறியாமல் தாங்குகிற சின்ன வளைவு இதில் இல்லை. அவ்வளவு கச்சிதமாகச் செய்தவர்கள் இந்த ஒரு இடத்தை விட்டிருந்தார்கள்.

“இல்ல சார்.”

முதலாளியின் முகம் மலர்ந்தது. “அப்ப அவனும் மனுஷன்தான்,” என்றார். “எழுதிக்க. இத நீ சும்மா பூட்டியிருந்தா தெரிஞ்சிருக்காது.” பிறகு பாயைப் பார்த்து, “சரி பண்ணிடுவீங்க இல்ல?” என்றார்.

பாய் அன்று வேறு எந்த வேலையையும் தொடவில்லை. குழிக்குள் நின்ற முளையைப் பிளேடு நுனியால் நெம்பி எடுத்து, அதன் நடுவில் ஊசி கனத்தில் துளை போட்டார். தோளிலும் நேராக அதே துளை. தாள்களைக் கோக்கிற கிளிப் ஒன்றை நிமிர்த்தி, ஒரு துண்டு வெட்டி, இரண்டுக்கும் நடுவில் எலும்புபோல் கொடுத்தார். ஸ்டைரீனைக் கரைத்து ஒட்டுகிற திரவம் எங்களிடம் ஒரு புட்டி இருந்தது. அதில் குச்சி நுனியைத் தொட்டு ஒரே ஒரு சொட்டு. ஒரு மணி நேரம் அதை யாரும் தொடக் கூடாது என்று சொல்லி, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். மண்ணூர்பேட்டை அக்கா இரண்டு டம்ளர் டீயோடு வந்தார்.

“ஆஸ்பத்திரி வாசல்ல குந்தினாப்புல குந்திகினு கீறியே பாய்,” என்றார்.

“கொழந்த பொழச்சிக்கும் அக்கா,” என்றார் பாய். முதல் தடவையாகச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கொம்பை மாட்டினேன். அதுதான் கடைசித் துண்டு. மேஜையில் நிறுத்திவைத்தோம். ஒரு ஜாண் உயரம்கூட இல்லை. ஆனால் கால் அகட்டி நின்ற நிற்பில் ஒரு மிடுக்கு இருந்தது. ஆறு பெண்களும் வரிசையாக வந்து பார்த்தார்கள். ஒருத்தி கையை மேலே தூக்கிவைத்தாள். இன்னொருத்தி கழுத்தைத் திருப்பிவைத்தாள். இடுப்பில் கை வைத்து, தலையைச் சாய்த்து, கடைசியில் ரோபோ குழாயடியில் சண்டைக்கு நிற்பதுபோல் நின்றது. பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்போதுதான் முதலாளி வந்தார். “படிக்கட்டுக்குக் கொண்டு வா,” என்றார்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. பக்கெட் சோதனை.

“சார், இதப் போயா?”

“பசங்க கையில கொடுக்கிற பொருள். கீழ விழாதா?”

நியாயமான கேள்விதான். ஆனால் மண்ணூர்பேட்டை அக்கா குறுக்கே வந்து நின்றுவிட்டார். அவர் முதலாளியிடம் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

“அதெல்லாம் வாணாம் சார். கீழ போடணும்னா பக்கெட்ட போடுங்க. எத்தினி வேணும்னாலும் போடுங்க. இத்த உட்டுருங்க. ஒரு வாரமா கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கினு பூட்டிகீறாங்க.”

மற்றவர்களும் பின்னால் வந்து நின்றார்கள். முதலாளி எல்லோரையும் பார்த்தார். கடைசியில் ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. படிக்கட்டு வேண்டாம், மேஜை உயரம் போதும். அதுவும் ஒரே ஒரு தடவை. தள்ளிவிடுவது நான்தான், வேறு யாரும் தொடக் கூடாது.

ஒரு விரலால் தள்ளினேன். சிமென்ட் தரையில் விழுந்து உருண்டது. இடது கை ஒரு பக்கம், வாள் ஒரு பக்கம், ஒரு கால் மெஷினுக்கு அடியில். பாய் மண்டியிட்டு எல்லாவற்றையும் பொறுக்கினார். ஒவ்வொன்றையும் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். எங்கேயும் விரிசல் இல்லை. மூட்டுகள் கழன்றிருந்தனவே தவிர ஒன்றும் உடையவில்லை. அடி வாங்கினால் கழன்றுகொள்ள வேண்டும், உடையக் கூடாது என்று யாரோ யோசித்துச் செய்திருந்தார்கள். டக், டக், டக் என்று மாட்டி இரண்டு நிமிஷத்தில் நிறுத்தினேன். பாய் கம்பி கொடுத்த தோள் மட்டும் கழலவே இல்லை. பெண்கள் கை தட்டினார்கள்.

திங்கள்கிழமை ரிப்போர்ட் கொடுத்தேன். பதினொரு பக்கம். எழுதும்போது சந்தோஷமாகத்தான் எழுதினேன். கொடுக்கும்போது அந்தச் சந்தோஷம் இல்லை. ஏனென்றால் கடைசிப் பக்கத்தில் ‘நம் மெஷினில் வராது’ என்று எழுதியிருந்தேன். நான்கு நிறத்தை ஒரே நேரத்தில் விடுகிற மெஷின் நம்மிடம் இல்லை, அந்த மயிரிழையை எல்லா அச்சிலும் கொண்டுவருகிற வசதியும் இல்லை என்று காரணங்களையும் எழுதியிருந்தேன். இரண்டு வருஷ அனுபவத்தில் முதலாளியிடம் ‘முடியாது’ என்று எழுதிக் கொடுத்தவர்கள் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

அவர் பதினொரு பக்கத்தையும் படித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“நூத்துக்கு எவ்வளவு போடுவ இதுக்கு?”

“தொண்ணூத்தி நாலு சார்.”

“ஆறு எங்க போச்சு?”

“தோள் முளைக்கு மூணு. வாள் கையில நிக்கல, ஆட்டினா நழுவுது, அதுக்கு ரெண்டு. ஸ்டிக்கர் நம்ம ஊர் புழுக்கத்துல ஓரம் சுருளுது சார், ஒண்ணு.”

தலையாட்டினார். “நம்ம சோப்பு டப்பாவுக்கு?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லலாமா என்று ஒரு விநாடி யோசித்தேன். “அறுபது சார்,” என்றேன். “போன வாரம் கேட்டிருந்தா எண்பதுன்னு சொல்லியிருப்பேன்.”

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். லாரி ஒன்று ரிவர்ஸில் வந்து நின்றது. பிறகு ஒரு பேனாவை எடுத்து என் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் ‘வராது’ என்பதற்குக் கீழே கோடு போட்டார்.

“சரி. எது வரும்?”

அந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. என் வேலை சரியா தப்பா என்று சொல்வது மட்டும்தான். வாயில் வந்ததைச் சொன்னேன். பசையில்லாமல் மாட்டுகிற முளையும் குழியும் வரும் சார். பாலித்தீன் மாதிரி வளைகிற பிளாஸ்டிக்கில் செய்தால் மயிரிழை கூடக்குறைய இருந்தாலும் அதுவே சமாளித்துக்கொள்ளும். துண்டுகள் குறைவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக வார்க்க வேண்டும்.

“என்ன பொம்மை?”

வெளியே, எஸ்டேட் கேட் அருகில் எப்போதும் நிற்கிற ஆட்டோக்கள் என் கண்ணில் பட்டன. “ஆட்டோ சார்,” என்றேன்.

அதைச் செய்து முடிக்க ஐந்து மாதம் ஆனது. பதினொரு துண்டு. மஞ்சளில் கூரையும் பக்கங்களும், கறுப்பில் அடிப்பாகமும் சக்கரமும் ஹேண்டில்பாரும். அச்சு முழுக்க பாயின் கை. நான் வரைந்து கொடுத்த படத்தில் எல்லா முளையின் அடியிலும் வளைவு போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். முதல் தடவை வார்த்தபோது சக்கரம் சுற்றவே இல்லை. இரண்டாம் தடவை சுற்றிக் கழன்று ஓடியது, அரைக் கம்பெனி அதைத் துரத்தியது. பாய் எஃகில் தொட்டுத் தொட்டுத் தேய்த்தார். நான் அளந்து அளந்து சொன்னேன். ஆறாவது தடவை சக்கரம் கழலாமல் வெகுநேரம் சுற்றி, தானாக நின்றது.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தபோது, முதலாளி அறைக் கண்ணாடி அலமாரியிலிருந்து ரோபோவையும் இறக்கிக் கொண்டுவந்து வைத்தார்கள். அக்கா அதன் இரண்டு கொம்புக்கும் நடுவில் அளவாகப் பொட்டு வைத்தார். பாய்க்குப் பொரியும் கடலையும் இரண்டு பங்கு.

ஆட்டோ நன்றாக விற்றது என்று பெரிதாகச் சொல்ல முடியாது. பூந்தமல்லிக் கடைகளிலும், கொரட்டூர், ஆவடிப் பக்கத்துக் கடைகளிலும் தொங்கியது. திருவிழாக் கடைகளில் போனது. இரண்டு வருஷம் ஓடியது. சோப்பு டப்பா மூடியின் நடுவில் இருந்த மேட்டை மட்டும் அதே வருஷம் ஓரத்துக்கு மாற்றிவிட்டோம். அதை யாராவது வாங்கியவர்கள் கவனித்தார்களா தெரியாது. எனக்கு அது ஆட்டோவைவிடப் பெருமை.

ஆனால் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அந்த முதல் நூறு ஆட்டோ பெட்டிக்குள் போவதற்கு முந்தின சனிக்கிழமையைத்தான். தாளில் படம் போட்டு, தமிழில் பூட்டும் முறை எழுதியிருந்தேன். புரிகிறதா என்று பார்க்க வேண்டும். முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு செட் கொடுத்தார். பேக்கிங் பெண்கள் ஆறு பேர், பாய், நான், மெஷின் ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர். தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார். தரையில் சாக்கு விரித்து வட்டமாக உட்கார்ந்தோம். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி நடுவில் வைத்தார்.

“ஆரம்பிங்க.”

ஒரு நிமிஷத்துக்கு டக் டக் என்று வெறும் சத்தம்தான். மண்ணூர்பேட்டை அக்கா தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ரன்னரிலிருந்து துண்டுகளை ஒரே சீராக வெட்டிக் குவித்துவிட்டு, பூ தொடுப்பதுபோல் ஒன்றோடு ஒன்றை மாட்டி, எல்லோருக்கும் முன்னால் தன் ஆட்டோவைத் தரையில் உருட்டிவிட்டார். அடுத்த இரண்டு இடமும் பேக்கிங்குக்கே. படம் போட்ட நான் நான்காவது. முதலாளி ஹேண்டில்பாரைப் பின்சீட்டைப் பார்த்து மாட்டிவிட்டார். அதைக் கழற்ற அவர் பட்ட பாட்டில் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவராலும்.

கடைசி ஆள் பாய். ஒவ்வொரு துண்டையும் மாட்டுவதற்கு முன்னால் அதன் முளையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா பாய், பொண்ணு பாக்க வந்தாப்புல பாத்துகினு கீற?” என்றார் அக்கா.

பாய் பூட்டி முடித்து, ஆட்டோவை இரண்டு தடவை முன்னும் பின்னும் உருட்டி, நிமிர்ந்தார்.

“இன்னொரு தபா வைங்க சார்,” என்றார். “இது கணக்குல வராது.”

இன்னொரு தடவை வைத்தோம். எல்லாவற்றையும் கழற்றிக் குவித்து, கடிகாரத்தைத் திரும்ப நடுவில் வைத்து, முதலாளி சொல்வதற்கு முன்பே பேக்கிங் பெண்கள் ஆரம்பித்துவிட்டார்கள். பாய் முன்னைவிட நல்ல வேகம். அப்போதும் கடைசிதான்.